பாறைக்கு நான் பூசிய மஞ்சள்

நைனா, முருகன் என் கனவில் வரவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இதை எழுதலாம் என்று உட்கார்ந்தால், எழுதாமலே எழுந்து போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். அந்தப் பாறையில் மஞ்சள் பூசியது நான். குங்குமம் வைத்தது நான். வேல் நட்டதும் நான்தான். கனவு என்று ஒன்று மட்டும் கிடையாது. இதை என் பிள்ளை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். பொய்யை ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டு உண்மையை மட்டும் ஒட்டி மூடி அனுப்புவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அடுத்த மாதம் நீ பெண்டாட்டி பிள்ளையோடு வெளிநாடு போகிறாய். அங்கே நீ ஆராய வேறு மலையாம், வேறு பாறையாம். போனில் சொல்லும்போது, "நம்ம பக்கத்து வேலைய விட்டுட்டேம்மா, அது இனிமே ஆவாது" என்றாய். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். நீ ஏன் விட்டாய் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் நீ விமானம் ஏறிவிட்டால், நான் மிச்சம் இருக்கிற நாளை எந்த முகத்தோடு கழிப்பேன்?

நீ அந்தப் பாறையைக் கண்டுபிடித்த நாள் எனக்கு நேற்று போல இருக்கிறது. நம் கொல்லை நிலத்தின் கோடியில், நகரி மலை இறங்கி முடிகிற இடத்தில், பாதி நம் நிலத்திலும் பாதி உன் சித்தப்பா நிலத்திலுமாகக் கிடந்த பாறை. உன் அப்பா அதில் கரும்புச் சோகையைக் காயப் போடுவார். மற்றபடி எங்களுக்கு அது ஒரு இடைஞ்சல். நீ படிப்பு முடித்து, பாறைகளை ஆராய்கிற வேலையில் சேர்ந்த புதிதில் வந்து, அதன் வடக்குப் பக்கத்தில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை வைத்து வைத்துப் பார்த்தாய். களை எடுக்க வந்த பெண்கள் எல்லாம், "இன்னா பெரீம்மா, ஒம்புள்ள பாறைக்கு வைத்தியம் பாக்குதா" என்று சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சோற்றுக்குக் கூப்பிட வந்தபோது நீ என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய். உன் உள்ளங்கையைப் பாறையில் வைத்தாய். உள்ளங்கை கருங்கல் மேல் இருந்தது, விரல்கள் மணற்பாறை மேல் இருந்தன. நடுவில் கூழாங்கற்கள் பதிந்த ஒரு பட்டை. கீழே இருப்பது ஒரு காலம், மேலே இருப்பது ஒரு காலம், நடுவே கோடிக் கோடி வருஷம் காணாமல் போயிருக்கிறது, உன் கை இப்போது அதைத் தாண்டி நிற்கிறது என்றாய். மற்ற இடத்திலெல்லாம் இந்தச் சேருமிடம் சரிந்த கல்லும் முள்ளும் மூடிக் கிடக்கிறது, இங்கே மட்டும் கத்தியால் வெட்டினது மாதிரி தெரிகிறது என்றும் சொன்னாய்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் யார் என்ன சொன்னாலும் மறக்கிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். நூறு கோடி வருஷத்துக்கும் மேலே பின்னால் போகச் சொன்னாய். அப்போது உலகத்து நிலங்கள் எல்லாம் மெல்ல மெல்ல நகர்ந்து, ஒன்றோடு ஒன்று முட்டி, ஒரே பெரிய கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்ததாம். அந்தச் சமயத்தில்தான் நம் நிலம் இங்கே இழுபட்டுப் பிளந்து, கீழே தாழ்ந்து, பெரிய தொட்டி மாதிரி பள்ளமானதாம். பள்ளத்தில் கடல் வந்தது. ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. மணல் கனத்தில் பள்ளம் இன்னும் தாழ்ந்தது, தாழத் தாழ இன்னும் மணல் வந்தது. அந்த மணல்தான் இறுகி நகரி மலையாக நிற்கிறது, திருப்பதி மலையும் அதில் சேர்த்தி என்றாய். நம் அடுப்பங்கரை மேடையில் பதித்திருக்கிற கடப்பா கல்கூட அதே தொட்டியின் அடியில் படிந்த சேறு என்றாய். அந்தக் கல்மேல் முப்பது நாற்பது வருஷமாக மாவு பிசைகிறேன், சேறு என்று யாரும் சொன்னதில்லை.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எல்லாம் சேர்கிற காலத்தில் இங்கே மட்டும் ஏன் பிளந்தது? அதைக் கேட்டதும் நீ கையைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தாய். "இதே கேள்வியத்தாம்மா நானும் கேட்டுகினு இருக்கேன்" என்றாய். பிறகு நம் வெல்லக் கொப்பரையை எடுத்துக்காட்டாகச் சொன்னாய். கரும்புப்பால் கொதிக்கும்போது மேலே நுரை ஆடையாகப் படியுமே, அது ஒரு ஓரமாகப் போய்க் கூடி மடியும்போது இன்னொரு ஓரத்தில் கிழிந்து பால் தெரியும். கூடுவதும் கிழிவதும் ஒரே ஆடையில், ஒரே கொதியில் நடக்கும். உன் அப்பா அந்த நுரையை வழிக்க நிற்கும்போது பக்கத்தில் நின்று நான் ஆயிரம் தடவை பார்த்ததுதான். இப்படியும் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், அந்தக் கூழாங்கல் எந்தத் திசையிலிருந்து உருண்டு வந்தது, அந்த மணல் எந்தக் காலத்தது என்று பார்த்தால்தான் தெரியும் என்றாய். கை கழுவும்போது, "இந்த எடத்த மட்டும் அப்படியே வுட்டு வைம்மா. யாரும் ஒடைக்காம பாத்துக்கோ" என்றாய். நான் ஆகட்டும் என்றேன். நீ என்னிடம் பெரிதாகக் கேட்டது அது ஒன்றுதான். படிப்புக்குக்கூட நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் உன் சித்தப்பா, கரும்பு லாரி தன் கிணற்றடி வரை வருவதற்குப் பாதை போடக் கிளம்பினான். பாறை குறுக்கே இருந்தது. கம்ப்ரசர் வண்டியோடு ஆள் வருகிறான், நாளைக்கு ஓட்டை போட்டு வெடி வைக்கப் போகிறார்கள் என்று களை எடுக்கிற கஸ்தூரிதான் வந்து சொன்னாள். இங்கே நான் செய்திருக்க வேண்டியது என்ன? நாலு எட்டு நடந்து போய், "பையன் வேலைக்கு வேணுமாம்பா, வடக்குப் பக்கத்த வுட்டுடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அவன் கேட்டிருப்பானா, மாட்டானா, தெரியாது. ஆனால் அந்த வார்த்தையை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பா இறந்தபோது, புதிதாக நட்ட கரும்பு மிதிபடும் என்று சொல்லித் தன் வரப்பு வழியாகப் பாடையைத் தூக்கிப் போக விடாமல் ஏரிக்கரையைச் சுற்றி அனுப்பினவன் அவன். கூடப் பிறந்தவனின் உடம்பை. அந்த வெயிலில் தூக்கினவர்கள் தோள் மாற்றி மாற்றிப் போனது என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து அவனோடு நான் பேசியதில்லை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதில்லை. அவன் பெண்டாட்டி செத்துப் பிழைத்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதையெல்லாம் வைராக்கியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உனக்குப் போன் செய்தாலும் நீ அவனிடம் மரியாதையாகப் பேசித் தீர்த்துவிடுவாய் என்று தெரியும். அவனிடம் நீ தணிந்து பேசுவதைக்கூட என்னால் தாங்க முடியாது. அதனால் உனக்கும் சொல்லவில்லை.

நம் ஊரில் ஒரு கல்லைக் காப்பாற்ற யாரும் தாசில்தாரிடம் போக வேண்டியதில்லை. சாயங்காலமே மஞ்சள் அரைத்துவைத்தேன். விடிவதற்குள் போய்ப் பாறை முகம் முழுக்கப் பூசினேன். குங்குமம் வைத்து, திருத்தணியில் வாங்கிவைத்திருந்த சின்ன வேல் ஒன்றை இடுக்கில் சொருகி, சூடம் ஏற்றினேன். களைக்கு வந்த பெண்களிடம், விடியற்காலையில் மயிலிறகு வைத்த ஒரு குழந்தை கனவில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டது, எந்த வீடு என்று கேட்டதற்கு இந்தப் பாறையைக் காட்டியது என்று சொன்னேன். திருத்தணி மலைக்கோயில் கோபுரம் அங்கிருந்தே தெரிகிற இடம் அது. யார் சந்தேகப்படுவார்கள்? கம்ப்ரசர்காரன் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுத் தலைத் துண்டை அவிழ்த்தான். உன் சித்தப்பா வந்தான். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு வந்து, பாறைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது, நைனா. உன் பாறை தப்பித்ததே என்று அல்ல. அவன் என் பொய்யின் காலில் விழுந்து கிடக்கிறானே என்று. இதையும் எழுதத்தான் வேண்டும்.

உடைக்காமல் காப்பாற்றிவிட்டேன், நீ வந்ததும் கழுவிவிட்டால் போகிறது என்றுதான் நினைத்தேன். பொய்க்குக் கழுவுகிற நாள் என்று ஒன்று வருமா? கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து காவடி எடுத்துப் போகிறவர்கள் ஒதுங்கிக் கும்பிட ஆரம்பித்தார்கள். யாரோ மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து அடித்தார்கள். விளக்கெண்ணெயும் நெய்யும் வழிந்து வழிந்து கூழாங்கல் பட்டை கறுத்துப்போனது. கஸ்தூரி பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டினாள், அவளுக்குப் பிள்ளையும் பிறந்தது. அதற்குப் பிறகு வேப்பமரக் கிளையெல்லாம் தொட்டில். இரண்டு வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்குத்தான் நீ வந்தாய். அடுத்த தடவை உன் வாத்தியாரையும் இரண்டு மாணவர்களையும் அழைத்துவந்து காட்டப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ அங்கே நின்ற நிலை எனக்கு மறக்காது.  பிறகு திரும்பி, "அம்மா, நெஜமாவே கனவு வந்துச்சா?" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. காக்கா குருவிகூட இல்லை. நான் "ஆங்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஷூவைக் கழற்றினாய். தோள்பையில் நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலை உள்ளே தள்ளி மூடினாய். "சரிம்மா. உனக்கு வந்துச்சுன்னா சரி. ஜனங்க நம்பிக்கையில நான் சுத்தி வைக்க மாட்டேன்" என்றாய். பெற்றவள் பொய் சொல்லமாட்டாள் என்று, அத்தனை நாள் வேலையை அந்த இடத்திலேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாய்.

நீ ஏன் நம்பினாய் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நம்புகிற மாதிரி நான் உன்னை வளர்க்கவில்லையே. நீ பையனாக இருந்தபோது நம் ஆடு சித்தப்பாவின் கத்தரி நாற்றை மேய்ந்துவிட்டது. அவன் பெண்டாட்டி வந்து கேட்டபோது நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். நீ என் முந்தானைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "நம்ம ஆடுதாம்மா, நான் பாத்தேனே" என்றாய். அவள் போனதும் புளியம் மிலாறால் உன் காலில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். உண்மை சொன்னதற்காக என்னிடம் அடி வாங்கினவன் நீ. அந்தத் தழும்பு ஒன்று உன் கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்தவன் எப்படி நம்பினாய்? நம்பினாயா, அல்லது என்னை அசிங்கப்படுத்தக் கூடாது என்று விட்டாயா? இரண்டாவது என்றால் எனக்கு இன்னும் வெட்கம். உன் மகள் ஏதாவது செய்துவிட்டு வந்து நிஜத்தைச் சொன்னால், அந்த நேரத்தில் உனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தாலும் அவளை அடித்துவிடாதே. நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். மற்றதற்கு எனக்குத் தகுதி போய்விட்டது.

இந்த மாதம் பாறைக் கோயில் கமிட்டி கூடியது. உன் சித்தப்பாதான் தலைவன். பாறையைச் சுற்றிலும் கான்கிரீட் போட்டு, முழுக்க டைல்ஸ் பதித்து, ஆடிக் கிருத்திகைக்குள் கூரை போட்டுவிடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் நீ சொன்ன சேருமிடம் சிமென்டுக்குள் போய்விடும். பிறகு யார் வந்தும் பிரயோஜனம் இல்லை. நான் போய் நடுவில் நின்று, கனவு எதுவும் வரவில்லை, மச்சினன் உடைக்கக் கூடாது என்று நான் சொன்ன பொய் அது என்று சொன்னேன்.  பிறகு ஒருவர், வயதாகிவிட்டது, மறதி என்றார். எனக்கு மறதி என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். இன்னொருவர், பையன் வெளிநாடு போகிற ஏக்கத்தில் அம்மா என்னவோ பேசுகிறது, உட்காரவைத்து மோர் கொடுங்கள் என்றார். கஸ்தூரி மட்டும் எழுந்து வந்தாள். இடுப்பில் பிள்ளை.

"அப்ப எம்புள்ள பொய்யா, பெரீம்மா? நீ சொன்னத நம்பித்தான தொட்டில் கட்டினேன். இந்தா, தொட்டுப் பாரு. பொய்யான்னு சொல்லு."

பிள்ளை என் மூக்குத்தியைப் பிடிக்கக் கை நீட்டியது.  தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். உன் சித்தப்பா பின்னாலேயே வந்தான். கரும்பு ஓரத்தில் நின்றான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் குரலை அவ்வளவு கிட்டத்தில் கேட்டேன். கனவு பொய் என்று அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றான். முதல் நாள் சாயங்காலமே நான் மஞ்சள் அரைத்ததை அவன் பெண்டாட்டி பார்த்திருக்கிறாள். கனவு மறுநாள் விடியற்காலையில்தான் வந்தது என்று நான் சொல்லியிருக்கிறேன்.  தெரிந்தும் ஏன் விழுந்து கும்பிட்டாய் என்று கேட்டேன். அவன் ஒரு கரும்புச் சோகையைக் கிழித்துக்கொண்டே நின்றான்.

"என்னாலதான அண்ணன சுத்து வழியில தூக்கினு போனீங்க, அண்ணி. அதுக்கு எங்கனா உழுவணும்னு இருந்துது. உங்கிட்ட வந்து உழ முடியுமா, நீ தொடப்பத்த எடுத்துகினு வருவ. அங்க ஒரு எடம் கெடச்சுது, உழுந்தேன்."

துடைப்பத்தை எடுத்திருப்பேன்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவனை நான் மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். அது இந்தக் கடிதத்தில் இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் அவனைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற உயரம் எனக்கு இப்போது இல்லை. நீ சொன்னாயே, பிளந்த பள்ளத்தில் என்ன கொட்டுகிறதோ அதுதான் பிறகு மலையாக நிற்கும் என்று. எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில் இத்தனை வருஷமாக ஒருபிடி ஒருபிடியாகக் கொட்டினது நான்தான். அதன் அடியில் நசுங்கியது உன் வேலை.

அப்போதுதான் நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பையனுக்கு வேண்டும், வடக்குப் பக்கத்தை மட்டும் விட்டுவிடு என்றேன். அவன் கையிலிருந்த சோகையைக் கீழே போட்டான். திரும்பி உள்ளே போய், சாமி வடக்கே நகரி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த முகத்தை மூடினால் ஊருக்கு ஆகாது என்று கமிட்டியில் சொன்னான். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். நான் சொன்ன உண்மையை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்ன பொய்யை எழுந்து நின்று வரவேற்றார்கள். மூன்று பக்கம் கம்பி கட்டிவிட்டார்கள். வடக்குப் பக்கம் திறந்திருக்கிறது. அது நியாயமான வழியில் திறக்கவில்லை என்று தெரிந்தேதான் உனக்குச் சொல்கிறேன். நீ வந்து சுத்தியலை வைப்பாயா மாட்டாயா என்பது உன் மனசு. ஆனால் கனவை மதித்து நீ விலகினாய் என்றால், அந்தக் கனவு இல்லை. அதற்காக நீ ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காகப் போவதானால் போ, தடுக்க மாட்டேன்.

நான்கு நாளாகச் சீயக்காயும் வெந்நீரும் கொண்டுபோய் அந்தப் பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பெயின்ட் போகவில்லை. கல்லுக்குக் கெடுதலா என்று தெரியாமல் அதைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். எண்ணெய் போன இடத்தில் கூழாங்கல் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அதற்கு மேலே, மணற்பாறையில், ஏரித் தண்ணீர் வற்றும்போது சேற்றில் விழுமே, அந்த மாதிரி அலை அலையாகக் கோடு. நேற்று கஸ்தூரி வந்து நின்றாள். கமிட்டியில் பேசியதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினாள். பிறகு, இது என்ன கோடு என்று கேட்டாள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, அதன் அலை விட்டுப்போன தடம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவள் மலையைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள்.

"அந்தக் கடல யாரு பாத்தாங்க, பெரீம்மா?"

யாரும் பார்க்கவில்லை, அப்போது மரம் இல்லை, மீன் இல்லை, பார்ப்பதற்குக் கண் உள்ள எதுவுமே பிறந்திருக்கவில்லை என்றேன். யாரும் பார்க்காதது எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது மாதிரிதான் இருந்தது. ஏதாவது ஒன்றை அடித்துவிட்டிருந்தால் நம்பியிருப்பாள், நான் சொன்னால் நம்புகிறவள்தானே. வாயை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரியாதும்மா, பையன் வந்தால் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் இன்னொரு குடம் மொண்டுவரப் போனாள்.

அம்மா